குதிரைமலையும் பரி மரபும்

ஏட்டில் ஏறாத வரலாற்றை ஊர்ப்பெயர்கள் பலவேளைகளிற் காத்து வைத்திருக்கும். புத்தளம் மாவட்டத்தின் வடகோடியிலே, பொன்பரப்பிக்கு அப்பால், வில்பத்துக் காடு கடலைத் தொடுமிடத்திற் செம்மண் மேடாக உயர்ந்து நிற்கும் முனை குதிரைமலை எனப்படும். மலை என்று கூறத்தக்க உயரம் அதற்கில்லை. குதிரையும் இன்று அங்கில்லை. அல்லியரசாணி கதையே அவ்விடத்தோடு சேர்த்து மக்களாற் பேசப்படுகின்றது. இக்கரை குதிரையை அறிந்தது எவ்வாறு? அறிந்திருந்தும் பெயர் பெற்ற ஒரு பரி மரபு இங்குத் தோன்றாதது ஏன்? இவ்விரு வினாக்களுமே ஈண்டு ஆராயப்படுகின்றன.

அன்னியசு பிளோக்கமசு என்பானின் அடிமைநிலை நீங்கிய பணியாளன் ஒருவன் காற்றால் அலைக்கப்பட்டுப் பதினைந்தாம் நாளில் ஈழத்தின் 'ஹிப்புரோசு' துறையை அடைந்தான் என உரோம அறிஞர் பிளினி கி.பி. முதலாம் நூற்றாண்டில் எழுதினார். கிரேக்க மொழியில் 'ஹிப்போசு' என்பது குதிரையைக் குறிக்கும். ஆதலால் எமர்சன் தெனென்ற் முதலானோர் அத்துறையைக் குதிரைமலை எனக் கொண்டனர். பொருத்தம் கவர்ச்சியானதே, ஆயினும் 'ஹிப்புரோசு' என்பது ஒருவகைக் கடல்மீனுக்கும் பெயராதலின் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளல் இயலாது.

சங்க இலக்கியச் சான்றையும் இவ்வாறே நிறுத்துப் பார்த்தல் வேண்டும். புறநானூறு பாடும் பிட்டங்கொற்றன் குதிரைமலைத் தலைவன். அம்மலை ஈழத்துக் குதிரைமலையே என முதலியார் இராசநாயகம் வாதித்தார். ஆனால், பிட்டன், கொற்றன் என்னும் பெயர்கள் கரூரை அடுத்த புகளூர்த் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளிலே காணப்படுகின்றன. எனவே, புலவர் பாடிய மலை கொங்குப் பகுதியைச் சார்ந்ததாதலே பொருந்தும். ஒரே பெயர் இரு நிலங்களில் வழங்குதல் புதுமையன்று.

பெயர்ச்சான்று ஐயத்துக்குரியதாயினும் வணிகச் சான்று உறுதியானது. அநுராதபுரத்தைக் கைப்பற்றி 22 ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரும் கப்பலிற் குதிரை கொணர்ந்த வணிகன் ஒருவனின் மக்கள் என மகாவம்சம் கூறும். காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிற் குவிந்த பொருள்களைத் தொகுத்துரைக்கும் பட்டினப்பாலை, கடல்வழி வந்த குதிரைகளையும் ஈழத்து உணவையும் ஒருங்கே சுட்டும். குதிரை ஈண்டுக் கடல்தரு பொருளாகவே இருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் இவ்வணிகம் பெருகிற்று. பாரசீக வரலாற்றாசிரியர் வசாப், ஆண்டுக்கு 10,000 குதிரைகள் பாண்டிநாட்டுக்கும் அயற்றுறைகளுக்கும் வந்தன என்றும், ஒவ்வொன்றின் விலையும் 220 பொற்காசு என்றும் எழுதினார். தொகை மிகையாயினும் ஆகுக. மார்க்கோ போலோ கூறுவது நம் வினாவுக்கு இன்னும் நெருங்கியது. சிறந்த ஆண்குதிரையைச் சிறந்த பெட்டையோடு சேர்த்தாலும் இந்நிலத்திற் கோணற்காற் குட்டியே பிறக்கும் என்றும், பேணும் முறை அறியப்படாமையாற் குதிரைகள் மடிந்தன என்றும் அவர் குறித்தார். மடிந்தவற்றின் இடத்தை நிரப்ப மீண்டும் கப்பல் வந்தது, வாங்குவதே வழக்கமாயிற்று. 1344இற் புத்தளத்தில் இறங்கிய இபன் பதூதா பாவாதமலைக்குச் செல்ல ஆரியச் சக்கரவர்த்தி அளித்ததும் பல்லக்கேயன்றிப் பரியன்று.

இதே அராபியக் குருதி வேறொரு நிலத்தில் என்னவாயிற்று என்பதை நோக்குவோம். 1704இல் அலெப்போவிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்ட டார்லி அராபியன் என்னும் ஆண்குதிரையின் நான்காம் தலைமுறையில், 1764ஆம் ஆண்டின் கதிரவ மறைப்பு நாளிற் பிறந்தது 'எக்லிப்சு'. 1769, 1770 ஆகிய இரண்டே ஆண்டுகளில் 18 பந்தயங்களில் ஓடி, ஒன்றிலும் தோலாது ஓய்ந்து, 1789இல் மடிந்தது. அதன் மக்களான யங் எக்லிப்சு, சால்ற்றிராம், சார்சன்ற் ஆகியவை முறையே 1781, 1783, 1784இல் டார்பிப் பந்தயத்தை வென்றன. இன்றைய தரோபிரெட் ஆண்குதிரைகளில் ஏறத்தாழ 95 விழுக்காட்டின் தந்தைவழி டார்லி அராபியனையே சென்றடைகின்றது. அவற்றுட் பெரும்பாலானவை எக்லிப்சின் வழியின.

இம்மரபின் இடைக்கண்ணிகளே சிந்திக்கத்தக்கவை. எக்லிப்சின் முப்பாட்டனாகிய 'பார்ட்லெற்றின் சில்டேர்சு' குருதிக்கசிவு நோயால் ஒருபொழுதும் பந்தயத்தில் ஓடவில்லை. தந்தையாகிய 'மார்சுக்' அற்ப விலைக்கு விற்கப்பட்டு, மகன் வென்றபின்னரே மதிக்கப்பட்டது. தந்தை, தாய், உடையவர் ஆகிய பெயர்கள் பதியப்பட்டிராவிடின் இம்மதிப்பு மீட்சி நிகழ்ந்திராது. 1791இல் வெதர்பி வெளியிட்ட குதிரை வமிசப் பதிவேடு இவ்வழக்கத்தை நிலைநிறுத்திற்று. எனவே, குருதி மட்டும் மரபாகாது. மேய்ச்சல், தெரிவு, பதிவு என்னும் மூன்றும் கூடியவழியே மரபு உண்டாகும்.

ஈழத்தின் வடபாற் கடலில் இம்மூன்றனுள் முதலாவது வாய்த்த இடம் நெடுந்தீவு. போர்த்துக்கேயர் கொணர்ந்த குதிரைகளை ஒல்லாந்தர் அங்குப் பெருக்கினர்; ஆங்கிலேயர் காலத்தில் நோலன் என்னும் அலுவலர் அப்பணியை மேற்பார்த்தார். ஒல்லாந்தர் கற்பிட்டியிற் கோட்டை கட்டியதும் (1667-1676) அப்பேராட்சிக் காலத்திலேதான். ஆட்சியாளரின் தேவை நீங்கியதும் நெடுந்தீவுப் பண்ணை கைவிடப்பட்டது. முருகைக்கல் இலாயத் தூண்கள் எஞ்சின. குதிரைகள் காட்டுநிலை எய்தின. தேர்ந்து சேர்ப்பார் இன்மையானும் வறட்சியில் நீரும் புல்லும் அருகியமையானும் அவை உருவிற் சிறுத்து நிற்கின்றன.

தொகுத்துரைப்பின், குதிரைமலை என்னும் பெயர் வளர்ப்பின் சான்றாகக் கொள்ளத்தக்கதன்று. கடல் வணிகம் நிகழ்ந்த கரையில் நின்று நிலைத்த ஒரு பெயராகவே கொள்ளத்தக்கது. நெடுந்தீவோ வளர்ப்பின் சான்று. ஆயின், அதன் தந்தைக் குதிரைகளின் பெயர் சொல்ல வமிசப் பதிவேடு ஒன்றும் நம்மிடம் இல்லை. எழுத்துக் கைவிட்டவிடத்து உயிர்க்கூறே ஏடாகலாம். அக்குதிரைகளின் மரபணுவை அராபிய, பாரசீக இனங்களோடு ஒப்பிட்டு ஆராய்வது வரலாற்று மாணவரும் விலங்கியல் மாணவரும் கூடிச் செய்யவேண்டிய பணியாகும். 2015இல் நெடுந்தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக்கப்பட்டமை இதற்கு வாய்ப்பளிக்கும். வறட்சிதோறும் மடியும் ஒவ்வொரு குதிரையோடும் அவ்வேட்டின் ஓரிதழ் அழிகின்றதாதலின் இப்பணி தாழ்க்கத்தக்கதன்று.