உபுண்டு 11.04: பழகிய திரை மறைந்த கதை

2011ஆம் ஆண்டு ஏப்ரல் 28 அன்று உபுண்டு லினக்ஸின் பதினான்காவது வெளியீடு வந்தது. ஆண்டையும் மாதத்தையும் சேர்த்து எண்ணிடுவது உபுண்டுவின் மரபு. ஆகவே அதன் எண் 11.04. ஓர் அடைமொழியும் அதே எழுத்தில் தொடங்கும் விலங்கின் பெயரும் சேர்ந்த செல்லப்பெயர் சூட்டுவதும் மரபு. இதற்கு வாய்த்தது 'நேட்டி நார்வால்'. ஓப்பன் ஆபீஸ் விலகி லிப்ரே ஆபீஸ் வந்தது, பயர்பாக்ஸ் 4 சேர்ந்தது என்று புதுமைகள் பல இருந்தன. ஆனால் கணினியைத் திறந்தவர்கள் முதலில் கண்டது, தமக்குப் பழக்கமான திரை அங்கே இல்லை என்பதைத்தான்.

2004 அக்டோபரில் வந்த முதல் வெளியீடு தொட்டு க்னோம் 2 என்னும் பணிச்சூழலே உபுண்டுவின் முகமாக இருந்தது. மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை. மேல்பட்டையின் இடக்கோடியில் பயன்பாடுகள், இடங்கள், அமைப்பு என மூன்று பட்டிகள். கீழ்ப்பட்டையில் திறந்திருக்கும் சாளரங்களின் வரிசை. அழகு என்று சொல்லிவிட முடியாது. அதன் பழுப்பு நிறத்தைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. ஆயினும் இருட்டில் விளக்குப் பொத்தானைத் தேடும் கை தானே அதைக் கண்டுகொள்வது போல, ஆறரை ஆண்டுகளில் கை அந்தத் திரையைப் படித்துவிட்டிருந்தது.

11.04இல் அந்த இடத்தில் யூனிட்டி வந்து அமர்ந்தது. கீழ்ப்பட்டை போயிற்று. இடப்புறம் மேலிருந்து கீழாக ஒரு சின்னவரிசை. மூன்று பட்டிகளுக்குப் பதிலாக, உபுண்டுவின் சின்னத்தைச் சொடுக்கினால் விரியும் ஒரு தேடுபெட்டி. ஒவ்வொரு சாளரத்தின் தலையிலும் இருந்த பட்டிகள் திரையின் உச்சிக்கு இடம்பெயர்ந்தன; சுட்டியை அங்கே கொண்டு சென்றால்தான் கண்ணில் படும். உருள்பட்டைகூட ஒரு மெல்லிய கோடாகி, அருகில் போனால் மட்டும் பிடி கொடுத்தது.

இதற்கு ஒரு நியாயம் உண்டு. யூனிட்டி முதலில் நெட்புக் எனப்பட்ட குறுங்கணினிகளுக்காக 2010 அக்டோபரில் வெளிவந்தது. அக்கணினிகளின் திரையில் அகலம் உண்டு, உயரம் இல்லை. மேலும் கீழும் பட்டை வைத்தால் படிக்கும் பக்கத்தை அவை தின்றுவிடும். பக்கவாட்டில் வைத்தால் இழப்பில்லை. அம்மாதமே ஆர்லாண்டோவில் நடந்த உருவாக்குநர் கூட்டத்தில், எல்லாக் கணினிகளுக்கும் இனி யூனிட்டியே என்று உபுண்டுவை நிறுவிய மார்க் ஷட்டில்வொர்த் அறிவித்துவிட்டார். 11.04இல் பழைய திரைக்குத் திரும்ப நுழைவாயிலில் ஒரு வழி விடப்பட்டிருந்தது. ஆறு மாதம் கழித்து வந்த 11.10இல் அதுவும் இல்லை.

க்னோமிடமே போகலாம் என்றாலும் கதை அதுதான். அதே ஏப்ரலின் 6ஆம் நாள் வெளியான க்னோம் 3 தன் பழைய முகத்தைத் தானே கலைத்திருந்தது. சாளரத்தைச் சுருக்கும் பொத்தானையும் நீக்கியிருந்தது. லினக்ஸ் கருவை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸே அவ்வாண்டு ஆகஸ்டில் அதைக் கடுஞ்சொல்லால் ஏசிவிட்டு எக்ஸ்எஃப்சிஇ பணிச்சூழலுக்கு மாறினார்.

கட்டற்ற மென்பொருளின் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். ஆனால் பயனரின் பழக்கத்தைக் கலைக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை எந்த உரிமமும் பேசவில்லை. 2010 ஏப்ரலில் வந்த 10.04இல் சாளரப் பொத்தான்கள் வலப்புறத்திலிருந்து இடப்புறத்துக்கு மாறுவதை எதிர்த்துப் பயனர்கள் வழு அறிக்கை எழுதினர். இது மக்களாட்சி அன்று. கருத்துகளை வரவேற்கிறோம், ஆனால் வடிவமைப்புக்கு வாக்கெடுப்பு இல்லை என்ற பொருள்பட ஷட்டில்வொர்த் பதிலிறுத்தார். பலருக்கு அது ஆணவமாகப் பட்டது. நமக்கோ, நேர்மையாகவும் பட்டது. ஊர்ப் பொதுச்சொத்து என்று நாம் நம்பியிருந்த மேசைக்கு கனோனிக்கல் என்னும் நிறுவனம் உரிமையாளராக இருந்ததை அவர் ஒளிக்கவில்லை.

இருந்தும் உரிமம் வெறும் தாளாகிவிடவில்லை. பெர்பெரோஸ் என்ற புனைபெயர் கொண்ட அர்ஜென்டினா நாட்டுப் பயனர் ஒருவர், கைவிடப்பட்ட க்னோம் 2இன் நிரலை எடுத்து 2011இலேயே தொடரத் தொடங்கினார். தம் நாட்டுப் பானமான யெர்பா மாத்தேயின் பெயரால் அதற்கு மாத்தே என்று பெயரிட்டார். 2015இல் உபுண்டுவே அதைத் தன் அதிகாரபூர்வ வடிவங்களுள் ஒன்றாக ஏற்றது. விண்டோஸ் 8 தன் தொடக்கப் பொத்தானை 2012இல் நீக்கியபோது அதன் பயனர்களுக்கு இவ்வழி இல்லை. நிறுவனம் மனமிரங்கி 8.1இல் அதைத் திருப்பித் தரும்வரை ஓராண்டு முணுமுணுத்தனர்.

யூனிட்டியின் பின்வாழ்வு சுருக்கமானது. 2012 அக்டோபரில் வந்த 12.10இன் தேடுபெட்டி, சொந்தக் கோப்பைத் தேடுபவருக்கும் அமேசான் கடைப்பொருள்களைக் காட்டியது. ரிச்சர்ட் ஸ்டால்மன் அதை உளவு மென்பொருள் என்றே சாடினார். நம் பார்வையில் யூனிட்டி செய்த மெய்யான பிழை இது ஒன்றே. 2016இல்தான் அது இயல்பாக முடக்கப்பட்டது. கைபேசிக்கும் கணினிக்கும் ஒரே முகம் என்ற கனவு, 2015 முதல் சில கைபேசிகளாக விற்றதோடு தேய்ந்தது. 2017 ஏப்ரல் 5 அன்று யூனிட்டியைக் கைவிடுவதாக ஷட்டில்வொர்த் அறிவித்தார்.

அப்போது வருந்தியவர்களுள் 2011இல் ஏசியவர்களும் இருந்தனர். நம்மில் இருவர் அதற்குச் சாட்சி. ஆறாண்டுகளில் கை மறுபடி பழகிவிட்டிருந்தது. தன்னார்வலர்கள் யூனிட்டியின் நிரலையும் எடுத்துத் தொடர்ந்தனர். 2022இல் அதுவும் அதிகாரபூர்வ வடிவமாயிற்று. 2017 அக்டோபரில் க்னோமுக்குத் திரும்பிய உபுண்டு 17.10, இடப்புறச் சின்னவரிசையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது. சாளரப் பொத்தான்கள் ஏழரை ஆண்டுகளுக்குப் பின் வலப்புறம் திரும்பின.