சீனிக் கிண்ணத்தின் அடியில்

வெள்ளிச் சீனிக் கிண்ணம் ஒன்று என்னிடம் இருக்கிறது. பதினொரு வருடங்களுக்கு முன் லண்டனில் ஒரு பழம்பொருட் கடையில் வாங்கியது. சுற்றிவர மயிலேறிய முருகன், குழலூதும் கண்ணன், பிள்ளையார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னையில் வெள்ளைக்காரரின் தேநீர் மேசைக்காகச் செய்த வகை. ஏலக்காரர்கள் இதைச் ‘சுவாமி’ வேலைப்பாடு என்பார்கள். திருப்பினால் அடியில் பி. ஆர் அண்ட் சன்ஸ் என்று ஆங்கில எழுத்தில் முத்திரை. மவுண்ட் ரோட்டின் அந்த மணிக்கூண்டுக் கடையேதான். பெயரைக் கண்டதும் பேரம் பேசக்கூட எனக்கு மனம் வரவில்லை.

முத்திரை பொய். அதைக் கண்டுபிடிக்க நான்கு வருடம் பிடித்தது.

முத்திரையை நம்புவது இந்த நாட்டில் எழுநூறு வருடப் பழக்கம். 1300இல் முதலாம் எட்வர்டின் சட்டம், வெள்ளியைச் சோதித்துச் சிறுத்தைத் தலையைக் குத்தச் சொன்னது. 1363இல் செய்தவரின் அடையாளமும் கட்டாயமானது. 1478இலிருந்து வருடத்துக்கு ஓர் எழுத்து. சோதனை நடந்தது கோல்ட்ஸ்மித்ஸ் மண்டபத்தில். ‘ஹோல்மார்க்’கில் உள்ள ‘ஹோல்’ அந்த மண்டபம்தான். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி இருக்கிறதா என்பதே கேள்வி. எங்கள் ஊரில் உரைகல்லும் பத்தரின் நாணயமும் செய்த வேலையை இங்கே நாலு குத்து செய்தது.

நம்பிக்கை இருக்கும் இடத்துக்குத்தானே கள்ளனும் வருவான். 1720இல் வெள்ளிச் சாமான்களுக்கு அவுன்சுக்கு ஆறு பென்ஸ் வரி வந்தது. கனத்த கோப்பிக் கூஜா செய்தவர் அதைச் சோதனைக்கு அனுப்பாமல், சின்னத் தட்டு ஒன்றை அனுப்பிச் சில்லறை வரி கட்டினார். முத்திரையோடு திரும்பி வந்ததும் அந்தத் துண்டை வெட்டியெடுத்துக் கூஜாவின் அடியில் பொடிவைத்து ஊதிவிட்டார். (பொடிவைத்துப் பேசுகிறான் என்று நாம் சொல்வதும் இந்தத் தொழிலிலிருந்து வந்ததுதான் என்பார்கள்.) அந்தக் காலத்தின் பெரும் கலைஞரான பால் டி லாமரி கூட இந்த வரி ஏய்ப்பைச் செய்தவர். முத்திரை உண்மை, செய்தவரும் உண்மை, அது ஒட்டியிருக்கும் இடம்தான் பொய். அடியில் வாயால் ஊதினால், மூச்சின் ஈரம் படியும் கணத்தில் பற்றவைத்த கோடு தெரியும்.

1757ஆம் ஆண்டுச் சட்டம் கள்ள முத்திரைக்கு மரண தண்டனை என்றது. 1773இல் அது 14 வருட நாடுகடத்தலாகக் குறைந்தது. 1863இல் வில்லியம் சாஃபர்ஸ் முத்திரைகளுக்கு அட்டவணை போட்டுப் புத்தகம் வெளியிட்டார். சேகரிப்பவர்களுக்குக் கிடைத்த பாடநூல் கள்ளர்களுக்கும் கிடைத்தது. 1899இல் ரூபன் லயன், சார்ல்ஸ் ட்வினம் இருவரின் போலிகள் அம்பலமானபோது பழைய வெள்ளிச் சந்தையே கலங்கிப்போனது.

இன்னொரு வழி வார்ப்பு. நிஜக் கரண்டியை வைத்து அச்செடுத்தால் முத்திரையும் கூடவே வந்துவிடும். ஆனால் ஓரம் மழுங்கியிருக்கும். உள்ளே ஊசிமுனைத் துளைகள் தெரியும். ஆறு கரண்டியிலும் முத்திரை மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தில், ஒரே சரிவில் இருந்தால் ஆறையும் கீழே வைத்துவிடலாம். கையால் குத்துகிறவனுக்கு அந்த ஒழுங்கு வராது.

என் கிண்ணத்தில் இவை எதுவும் இல்லை. வயதான வெள்ளி வியாபாரி ஒருவர் பூதக்கண்ணாடியை என் கையில் தந்து, “முத்திரையைக் கடைசியில் பாருங்கள். முதலில் சாமான் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள்” என்றார். பார்த்தேன். நூறு வருடத் துடைப்பில் கண்ணனுக்கு மூக்கில்லை, மயிலுக்குக் கண்ணில்லை. அடியில் இருந்த எழுத்துகள் மட்டும் நகத்தில் சுரண்டும் கூர்மையோடு இருந்தன. அடியில் ஒரு பழைய கீறல் ஓடுகிறது. முத்திரை முந்தியதென்றால் கீறல் அதன் பள்ளத்தைத் தாண்டிப் போயிருக்கும். இங்கே கீறல் பள்ளத்துக்குள்ளும் நசுங்கிக் கிடந்தது. கீறலுக்குப் பிறகு விழுந்த குத்து அது.

கோல்ட்ஸ்மித்ஸ் மண்டபம் போன்ற சோதனைச்சாலை சென்னையில் இருக்கவில்லை. அங்கே அடியில் குத்தியது கடையின் பெயர் மட்டும். அரசின் உத்தரவாதம் இல்லை, வருட எழுத்தும் இல்லை. கள்ளனுக்கு ஒரே ஓர் அச்சு போதும். 1875-76இல் இந்தியாவுக்கு வந்த வேல்ஸ் இளவரசருக்குக் கிடைத்த பரிசுகளில் பி. ஆர் செய்த சுவாமித் தேநீர்ச் செட்டும் இருந்தது. பெயருக்கு விலை ஏறாமல் இருக்குமா?

எனக்கு உறுத்துவது வேறு. கிண்ணம் அசல். உள்ளே அரக்கு நிரப்பி, உளியால் தட்டித் தட்டி அந்த மயிலை எழுப்பியது தமிழ்நாட்டு ஆசாரி ஒருவரின் கை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் முத்திரை நிஜமாகவே இருந்திருந்தாலும் அது பீட்டர் ஆர் என்ற ஸ்காட்லாந்துக் கடிகாரக்காரரின் பெயர்தான். நானும் அந்தப் பெயருக்குத்தான் காசு கொடுத்தேன், மயிலுக்கு அல்ல.

“அப்ப இது ஃபேக்காப்பா?” என்று மகள் கேட்டாள். கிண்ணம் இல்லை, முத்திரைதான் என்றேன். “அப்ப செய்த ஆளின்ட பேர் என்ன?” என்றாள்.

போன வருடம் விற்கலாமென்று அதே வியாபாரியிடம் கொண்டுபோனேன். நான் கொடுத்ததில் பாதியைச் சொன்னார். “அடியில் ஒன்றுமே இல்லாமல் இருந்திருந்தால் கூடத் தந்திருப்பேன். வேண்டுமென்றால் தேய்த்து எடுத்துத் தருகிறேன், அரை மணி வேலை.” வேண்டாமென்று திருப்பிக் கொண்டுவந்துவிட்டேன். இப்போது மகள் அதில் தலைக்கிளிப்புகளைப் போட்டு வைக்கிறாள்.