இளம்பிள்ளை வாதமும் ஓட்டக் களமும்: காரைக்கால் கரையிலிருந்து ஒரு பார்வை

1739 முதல் பிரெஞ்சு ஆட்சியின் கீழிருந்த காரைக்கால், 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிருவாகத்துக்கு மாறி, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. இந்த இடைக்காலம் இளம்பிள்ளை வாதம் எனப்படும் போலியோவின் வரலாற்றிலும் ஒரு திருப்புமுனையாகும். ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசி 1955இல் பயன்பாட்டுக்கு வந்தது; குழந்தைப் பருவத்தில் இந்நோயால் இடது கால் முடங்கிய அமெரிக்கக் கறுப்பினப் பெண் வில்மா ருடால்ஃப், 1960 ரோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், 4×100 மீட்டர் தொடர் ஓட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார்.

அவ்வெற்றியை மனவுறுதியின் பயன் என்று மட்டும் கொள்வது குறைபாடான வாசிப்பு. கிளார்க்ஸ்வில்லில் வாழ்ந்த அவரைத் தாயார் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நாஷ்வில் மருத்துவமனைக்கு வாரந்தோறும் அழைத்துச் சென்றதும், வீட்டார் முறைவைத்துக் காலை நீவிவிட்டதும், காலைத் தாங்கும் உலோகச் சட்டமான காலிப்பரும் சேர்ந்தே அவரை நடக்கவைத்தன. காரைக்காலுக்கோ உயர் மருத்துவம் என்றால் தஞ்சாவூர், அல்லது தமிழ்நாட்டு எல்லைகளைக் கடந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வடக்கே உள்ள புதுச்சேரி என்பதே நெடுங்கால நிலை. புதுச்சேரியில் 1823இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர், 1964இல் அப்பெயரைப் பெற்றது.

தென்னிந்தியாவில் ருடால்ஃபுக்கு நெருங்கிய சான்று மாலதி கிருஷ்ணமூர்த்தி ஹொல்லா. 1958இல் பெங்களூரில் பிறந்து, குழந்தையாயிருக்கும்போதே காய்ச்சலால் உடல் முழுதும் செயலிழந்த அவர், துர்காபாய் தேஷ்முக் நிறுவிய ஆந்திர மகிளா சபாவின் சென்னை எலும்பியல் மையத்தில் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் தங்கி, முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகளுக்கு உட்பட்டார். இடுப்புக்குக் கீழே வலு திரும்பாத நிலையில் சக்கர நாற்காலியில் களமிறங்கி, 1989இல் டென்மார்க்கில் நடந்த உலகப் போட்டியில் 200 மீட்டர் பந்தயத்திலும் குண்டு, வட்டு, ஈட்டி எறிதல்களிலும் தங்கம் வென்றார். 2001இல் பத்மஸ்ரீ பெற்றார். ருடால்ஃபின் கால் மீண்டது, மாலதியின் கால் மீளவில்லை. ஆயினும் இருவர் வாழ்விலும் பல்லாண்டுக் காலச் சிகிச்சையே வெற்றிக்கு முந்திய அத்தியாயம்.

மலம் கலந்த நீர், உணவு, அழுக்குக் கைகள் ஆகியவற்றின் வழியே குடலை அடையும் போலியோ நச்சுயிரி, தொற்றுற்றோரில் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கே தண்டுவட நரம்பணுக்களை அழித்து முடக்கத்தை உண்டாக்குகிறது. ஆனால் நச்சுயிரி உடலிலிருக்கும் வேளையில் தசையில் ஊசி போட்டால், அந்தக் கை அல்லது காலே முடங்கும் வாய்ப்பு மிகுகிறது. ஊசி போட்டால்தான் காய்ச்சல் விடும் என்ற நம்பிக்கை வேரூன்றிய சமூகத்தில் இதன் விளைவு கடுமையானது. ஜிப்மர் மருத்துவர்கள் பங்கேற்று 1992இல் வெளிவந்த ஆய்வொன்று, தேவையற்ற ஊசிகளுக்கும் போலியோ முடக்கத்துக்கும் உள்ள இத்தொடர்பையே எடுத்துக்காட்டியது.

வழக்கமான மூன்று தவணைச் சொட்டு மருந்து இந்தியக் குழந்தைகளுக்குப் போதாது என்பதை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் ஜேக்கப் ஜான் ஆய்வுவழி நிறுவி, ஒரு பகுதியின் குழந்தைகள் அனைவருக்கும் ஒரே நாளில் மருந்தளிக்கும் முறையை வலியுறுத்தினார். அம்முறை 1995 முதல் நாடு முழுதும் நடைமுறைக்கு வந்தது. முகாம் நாளன்று பனிக்கட்டிப் பொதிகள் வைத்த பெட்டியோடு பணியாளர்கள் பேருந்து நிலையங்களிலும் அமர்ந்தனர். இரு சொட்டு விட்டதும் குழந்தையின் இடது சுண்டுவிரலில் மை வைத்தனர். மூன்று புறமும் தமிழ்நாடும் ஒருபுறம் கடலும் சூழ்ந்த காரைக்காலைப் போன்ற நிலத்துண்டுக்கு, எல்லையின் இருபுறமும் ஒரே நாளில் மருந்தளிப்பதே பொருத்தமான காப்பு.

இந்தியாவில் இயற்கை நச்சுயிரியால் நேர்ந்த கடைசிப் போலியோ முடக்கம் 2011 ஜனவரி 13 அன்று ஹௌரா மாவட்டத்தில் பதிவானது. 2014 மார்ச் 27 அன்று நாடு போலியோ அற்றதாகச் சான்று பெற்றது. எனினும் அதற்கு முன் முடங்கியோர் முதுமையை நெருங்கிக்கொண்டிருக்கின்றனர். நெடுங்காலத்துக்குப் பின் தசைகள் மீண்டும் தளரும் நிலையும் அவர்களிற் பலருக்கு நேர்கிறது. காரைக்காலின் வரலாற்றை எழுதுவோர் துறைமுகத்தையும் பிரெஞ்சு நிருவாகத்தையும் ஆராய்வதோடு, காலிப்பர் அணிந்து பள்ளிக்குச் சென்ற அத்தலைமுறையின் வாய்மொழிச் சான்றுகளையும் அவர்கள் வாழும் காலத்திலேயே தொகுக்க வேண்டும்.