வேறுபாடின்மை சான்றாகுமா? தென்முனைக் கடல் தீவுகளின் அடிமீன்களும் மரபணு ஓட்டமும்

1927 டிசம்பரில் நார்வேயின் 'நார்வீஜியா' கப்பல் பூவே தீவருகே நின்றிருந்தபோது, அதில் இருந்த விலங்கியலாளர் டிட்லெஃப் ருஸ்டாட் ஒரு மீனை அறுத்துப் பார்த்தார். செவுள் வெளுத்திருந்தது. உடலுக்குள் ஓடிய குருதிக்கு நிறமே இல்லை. அதற்கு 'வெள்ளை முதலைமீன்' என்று பெயரிட்டார். அந்தப் பனிமீனுக்குச் சிவப்பணுக்களோ ஹீமோகுளோபினோ கிடையாது என்று யோஹான் ரூட் 1954இல் நிறுவினார். குருதியின் புதிர் அவிழ்ந்தது. அந்த மீன் பூவே தீவுக்கு வந்து சேர்ந்தது எப்படி என்பது அதைவிடச் சிக்கலான கேள்வி.

பூவே சுமார் 49 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள எரிமலைத் தீவு. பெரும்பகுதி பனியாற்றின் அடியில் கிடக்கிறது. நீரோட்டம் வரும் மேற்குத் திசையில், தெற்கு சாண்ட்விச் தீவுகள் ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் தள்ளி இருக்கின்றன. இடையில் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழக் கடல். அந்தப் பனிமீனும் அடங்கிய நோட்டோதீனியாய்டு மீன்களுக்கு நீந்துபை இல்லை. வளர்ந்தவற்றுள் பல, தீவைச் சுற்றிய ஆழம் குறைந்த கடல்திட்டின் அடித்தரையைவிட்டு விலகாதவை. ஆகவே அந்த இடைவெளியைக் கடக்கக்கூடியவை பெரும்பாலும் குஞ்சுகளே. 2004இல் அமெரிக்க ஆய்வுக் கப்பல் 'நேதேனியல் பி. பால்மர்' தெற்கு ஜார்ஜியா, தெற்கு சாண்ட்விச், பூவே ஆகிய இடங்களில் மடி இழுத்து மாதிரிகள் சேகரித்ததும் இந்த வரலாற்றைத் துலக்கத்தான்.

குஞ்சுப் பருவம் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு தொலைவுக்குத் தீவுகள் உறவாகின்றன. 2015இல் வெளியான ஓர் ஆய்வு, நீரோட்ட மாதிரியையும் மரபணுக் குறியீடுகளையும் பொருத்திப் பார்த்து இதைக் காட்டியது. கானாங்கெளுத்திப் பனிமீனின் மிதவைப் பருவம் குறுகியது. அதனால் வட்டாரத்துக்கு வட்டாரம் மரபு வேறுபாடு தெரிகிறது. பளிங்கு நோட்டோதீனியாவின் குஞ்சுகளோ நீல நிறத்தில், மாதக்கணக்கில் திறந்த கடலில் அலைந்து, பின்பு பழுப்பேறிக் கரையோரக் கெல்ப் பாசிக்காட்டில் தங்குகின்றன. அவற்றில் தொலைவு கூடக்கூட வேறுபாடும் கூடும் என்ற நிலை காணப்படவில்லை.

இதிலிருந்து 'எல்லாம் ஒரே மீன்வளம்' என்று முடிவுகட்டுவதைத்தான் நான் மறுக்கிறேன். மரபியலாளர் சூவல் ரைட்டின் தீவு மாதிரியில், தலைமுறைக்கு ஒரே ஒரு மீன் புலம்பெயர்ந்து இனம்பெருக்கினால் வேறுபாட்டு அளவு சுமார் 0.2. பத்து மீன் வந்தால் அது 0.024 ஆகிவிடும், சிறிய மாதிரிகளில் அதைக் கண்டுபிடிப்பதே கடினம். பத்து மீன்! 1969–70 பருவத்தில் தெற்கு ஜார்ஜியாவைச் சுற்றிச் சோவியத் படகுகள் பிடித்த பளிங்கு நோட்டோதீனியா ஏறக்குறைய 4,00,000 டன். மரபணுக்களைக் கலக்கப் போதுமான வரத்து, காலியான கடலை நிரப்பப் போதாது. அடுத்தடுத்த ஆண்டுகளில் பிடிப்பு சரிந்தது. 1985இல் அந்த இனத்தைக் குறிவைத்துப் பிடிப்பதற்கே தடை வந்தது. மீட்சி பல பத்தாண்டுகள் இழுத்தது. தெற்கு ஜார்ஜியாவும் அடங்கிய ஸ்கோஷியா வளைவின் பிற தீவுகளிலும் மீன் வாரப்பட்டதால், நிரப்ப வேண்டிய ஊற்றே வற்றியிருந்தது என்று வாதிடலாம். அது நியாயமான மறுப்பு. ஆனால் மேலே சொன்ன கணக்கை அது தொடவில்லை.

இன்னொன்றும் உண்டு. ரைட்டின் கணக்கு சமநிலையை எடுத்துக்கொண்டு பேசுகிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், பனி பல திட்டுகளை மூடியது. தலைமுறைக்குப் பத்து ஆண்டு என்று கொண்டால், அதன்பின் கழிந்தவை 2,000 தலைமுறைகளே. இலட்சக்கணக்கில் இனம்பெருக்கும் கூட்டங்கள் முற்றாகப் பிரிந்திருந்தாலும், தற்செயல் மரபணு நகர்வு அவற்றை வேறுபடுத்த இந்தக் காலம் போதாது. இன்று காணும் ஒற்றுமை, இன்றைய உறவாகவும் இருக்கலாம். பழைய உறவின் எச்சமாகவும் இருக்கலாம்.

வேறுபாடு தென்பட்டால் அதன் சாட்சியம் கனமானது. படகோனியப் பல்மீனின் மைட்டோகாண்ட்ரிய மரபணுக்கள், படகோனியத் திட்டையும் தெற்கு ஜார்ஜியாவையும் கூர்மையாகப் பிரித்தன. நடுவே, குளிர்ந்த தென்நீரை வடக்கு நீரிலிருந்து பிரிக்கும் அண்டார்டிக் முனைமுகம் ஓடுகிறது. அங்கே தனித்தனி நிர்வாகத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. வேறுபாடின்மைக்கு அந்தக் கனம் இல்லை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பது முறைப் பிழை. அதன் விலையைக் கொடுப்பவை மீன்கள்.

அதனால் மரபணுவோடு செவிக்கல்லையும் படிக்க வேண்டும். மீனின் தலைக்குள் வளையம் வளையமாக வளரும் அந்தச் சுண்ணக்கல்லில், வளர்ந்த நீரின் வேதிச் சுவடு பதிகிறது. கல்லின் நடுப்புள்ளி குஞ்சுப் பருவத்தைச் சொல்லும். பூவேயில் பிடிபடும் மீனின் நடுப்புள்ளியில் சாண்ட்விச் நீரின் சுவடு இருக்கிறதா, எத்தனை மீனில் இருக்கிறது என்று எண்ணிப் பார்க்கலாம். அந்த எண் கைக்கு வரும்வரை, பூவேயின் மீன்களைத் தனி வளமாகவே கொண்டு பிடிப்பு வரம்பு வகுக்க வேண்டும்.