ஜீப்பின் கைப்பிரேக் எங்கே இருக்கிறது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தது. புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 46 செ.மீ.க்கு மேல் மழை. அதோடு முடிந்ததா என்றால் இல்லை. சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி வந்து பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் புகுந்தது. பெரியப்பாவின் பழைய ஜீப் இரண்டு நாள் அச்சு முழுகத் தண்ணீரில் நின்றது.

நீர் வடிந்தபின் அதில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு ஏரிக்கரை மேல் போனேன். எதிரே ஒரு மாடு. பிரேக்கை மிதித்தேன். முன்சக்கரம் இரண்டும் ஒழுங்காகப் பிடித்தன. அந்த இரண்டுக்கும் ஏற்கெனவே டிஸ்க் மாற்றியாகிவிட்டது. பின்னால் டிரம். உள்ளே போன வண்டல் காய்ந்து ஒட்டியிருந்ததால் இடது சக்கரம் மட்டும் சட்டென்று இறுகி, வலது சக்கரம் வழுக்கி, வண்டியின் பின்பக்கம் ஏரியை நோக்கித் திரும்பியது. ஒரு கருவேலமரம் தாங்கிக்கொண்டது. யாருக்கும் ஒன்றுமில்லை. தண்ணீரில் நின்ற டிரம்மைக் கழற்றிக் கழுவாமல் எடுத்தது என் தப்புதான்.

பின்சக்கரத்துக்கும் டிஸ்க் போட்டுவிடலாம் என்று அன்று ராத்திரியே முடிவு செய்தேன். வில்லியனூரில் நாங்கள் வழக்கமாகப் போகும் மெக்கானிக் அண்ணன் கேட்ட முதல் கேள்வியே வேறு. "தம்பி, உங்க வண்டிக்கு ஹேண்ட் பிரேக் எங்க இருக்குதுன்னு தெரியுமா?"

தெரியாது. நாற்பது வயதுக்கு மேல் ஆகிறது, பி.இ. படித்திருக்கிறேன், அந்த ஜீப்பில் உட்கார்ந்துதான் வண்டி ஓட்டவே கற்றேன். ஆனாலும் தெரியாது. தேடப் போய்தான் இந்தக் கட்டுரை.

டிரம், டிஸ்க் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வயது. 1902இல் பர்மிங்காமில் ஃபிரெடரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கினார். அதே வருஷம் உள்ளிருந்து விரியும் டிரம் பிரேக்குக்கு லூயி ரெனோ வடிவம் கொடுத்ததாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு டிரம்மின் ராஜ்யம். காரணம் எளிது. டிரம்முக்குள் இருக்கும் இரண்டு ஷூக்களில் ஒன்றைச் சுழலும் டிரம்மே உள்ளே இழுத்து மேலும் அழுத்திக்கொள்ளும். கால் கொஞ்சம் கொடுத்தால் பிரேக் நிறையப் பிடிக்கும். டிஸ்க்குக்கு அந்தத் தயவு கிடையாது. மிதிக்கிற பலம் முழுக்க நாமே கொடுக்கணும், இல்லையென்றால் பூஸ்டர் வேண்டும். விமானங்களில் பழகிய டிஸ்க் பிரேக்கை டன்லப் நிறுவனம் பந்தயக் காருக்குக் கொண்டுவந்தது. 1953இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜாகுவார் டிஸ்க் பிரேக்கோடு ஜெயித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் என்பது சாதாரணக் குடும்பக் காருக்கு வந்தது 1962இல், ரெனோ 8 வழியாக. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்ததும் அதே 1962தான். சும்மா ஒரு தகவல்.

ஜீப் இந்தக் கதைக்கு வெளியே பிறந்தது. 1941இல் அமெரிக்க ராணுவத்துக்காக வில்லீஸ் நிறுவனம் செய்யத் தொடங்கிய வண்டியில் நான்கு சக்கரத்திலும் 9 அங்குல டிரம். பூஸ்டர் கிடையாது. மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே. கைப்பிரேக் சக்கரத்திலேயே இல்லை! டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், பின்சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டின் தலைப்பில் தனியாக ஒரு சின்ன டிரம். அதைப் பிடித்தால் ஷாஃப்ட் நிற்கும், ஷாஃப்ட் நின்றால் சக்கரம் நிற்கும். இடையில் அச்சின் பல்சக்கரங்கள் இருப்பதால் அந்தச் சின்ன டிரம்மின் பிடி சக்கரத்துக்குப் போகும்போது நான்கு ஐந்து மடங்காகப் பெருகும். கெடுதலும் உண்டு. ஒரு பின்சக்கரம் தரையை விட்டு எழும்பினால் வண்டி உருண்டுவிடும். ஓடும்போது இழுத்தால் ஷாஃப்ட் பாடு திண்டாட்டம்.

1945இல் மஹிந்திரா அண்ட் முகமது என்று தொடங்கி, 1948இல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆன நிறுவனம்தான் இந்த வண்டியை இங்கே கொண்டுவந்தது. பெயரிலிருந்த குலாம் முகமது பாகிஸ்தான் போய் அங்கே கவர்னர் ஜெனரலே ஆனார். வில்லீஸ் 1953இல் வெளியிட்ட, பானட் உயர்ந்த சி.ஜே. 3பி அமெரிக்காவில் 1968இல் நின்றது. இந்தியாவில் அதற்குப் பிறகும் வந்துகொண்டே இருந்தது. எங்களுடையது அந்த வகை. 1979இல் மஹிந்திரா பிரான்சின் பூஜோவிடம் டீசல் எஞ்சின் உரிமம் வாங்கியது. எங்கள் ஜீப்பில் இப்போது இருப்பது அந்த எஞ்சின்தான். வில்லியனூர் கொம்யூனில் இருக்கும் கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று வாக்கெடுப்பு நடத்திப் பிரெஞ்சுக்காரரை வழியனுப்பினோம். கால் நூற்றாண்டு கழித்து அவர்களுடைய எஞ்சின் ஜீப்பில் ஏறி நம்ம வயலுக்கே வந்துவிட்டது.

டீசல் என்பதால் இன்னொரு சிக்கல். பூஸ்டருக்கு வெற்றிடம் வேண்டும். பெட்ரோல் எஞ்சின் அதைத் தானே கொடுக்கும், டீசல் கொடுக்காது. ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த வேக்கும் பம்ப் மாட்டணும். முன்சக்கரத்துக்கு டிஸ்க் போட்டபோதே அது மாட்டியாகிவிட்டது, நல்லவேளை.

மெக்கானிக் அண்ணன் கேள்வியின் அர்த்தம் இப்போது புரிந்தது. கைப்பிரேக் பின்சக்கர டிரம்முக்குள் இருக்கும் வண்டிகளில், டிரம்மைக் கழற்றி முன்சக்கர வகை கேலிப்பரை மாட்டினால் டிஸ்க் வரும், கைப்பிரேக் போய்விடும். அப்படி மாற்றிவிட்டு டயருக்குக் கல் வைத்து நிறுத்தும் வண்டிகளை அவர் பார்த்திருக்கிறார். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இல் 96ஆம் விதி காலால் இயக்கும் பிரேக், நிறுத்தி வைக்கும் பிரேக் என்று தனித்தனியாக இரண்டு கேட்கிறது. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோகும்போது கல்லைக் காட்ட முடியாது. பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கும் 52ஆம் பிரிவையும் படித்துவிட்டுக் கை வையுங்கள். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டிப்பாகவே விளக்கியது.

எங்கள் வண்டியில் கைப்பிரேக் தனி என்பதால் வழி இருந்தது. ஆனால் அது வருஷக்கணக்காகப் பிடிக்காமல் கிடந்தது. "மொதல்ல அது நிக்கட்டும், அப்பறம் பின்னாடி கை வைக்கிறேன்" என்றார் அண்ணன். லைனிங் புதுசு போட்டு, கம்பியை மாற்றி, ஏரிக்கரைச் சரிவில் நிறுத்திக் காட்டிய பிறகுதான் பின்சக்கரத்தைத் தொட்டார். ஆக்சில் முனை கூம்பு வடிவம். புல்லர் போட்டு ஹப்பைப் பிடுங்கவே அரை நாள். டிரம்முக்குப் பின்னால் இருந்த தகட்டை எடுத்துவிட்டு அதே போல்ட் துளைகளில் கேலிப்பர் தாங்கியை மாட்டினார். லேத் பட்டறையில் கடைந்த தடித்த இரும்புத் தகடு அது.

ஓட்டிப் பார்க்க வில்லியனூரிலிருந்து பாகூருக்குக் கிளம்பினோம். கரிக்கலாம்பாக்கம் தாண்டுவதற்குள் கருகல் வாசனை. இறங்கிப் பார்த்தால் பின் டிஸ்க் இரண்டும் நீலம் பாரித்திருந்தன. குற்றவாளி பழைய லைனில் மறந்துபோய் விட்ட ஒரு சின்ன வால்வு. டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டரின் ரப்பர் ஒட்டி நிற்க, பைப்பில் எப்போதும் சதுர அங்குலத்துக்குச் சுமார் 10 பவுண்டு அழுத்தம் வைத்திருக்கும் வால்வு அது. டிரம்மில் இழுவை ஸ்பிரிங் அதை வென்றுவிடும். கேலிப்பரில் ஸ்பிரிங் கிடையாது, அதனால் பேட் உரசிக்கொண்டே இருந்தது. யாரோ எப்போதோ எழுதிய ஒரு வரி புது நிரலை முடக்குவதைத் தினமும் ஆபீசில் பார்க்கிறவனுக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாகத்தான் இருந்தது. வால்வை ஒரேயடியாக எடுத்துவிடவும் முடியாது. மாஸ்டர் சிலிண்டர் தரைக்குக் கீழே இருப்பதால் பிரேக் ஆயில் திரும்பி வடிந்து, முதல் மிதி வெறுமனே போகும். 2 பவுண்டு வால்வு போட்டோம். பின்பக்கம் முதலில் பூட்டிக்கொள்ளாமல் இருக்க, பின்னால் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் இன்னொரு வால்வும் வேண்டியிருந்தது. அதைத் திருகித் திருகிச் சரிபார்க்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை காலி மைதானத்தில் போனது.

இப்போது வாய்க்காலில் இறங்கி ஏறினாலும் நாலு சக்கரமும் ஒரே மாதிரி பிடிக்கிறது. கழற்றிய டிரம்களைத் தூக்கிப் போடவில்லை, எண்ணெய் தடவிக் கொட்டகையில் வைத்திருக்கிறேன். பெரியப்பா மட்டும் வண்டியை நிறுத்தியதும் இன்னமும் குனிந்து கல்லைத் தேடுகிறார். "ஹேண்ட் பிரேக் போட்டாச்சு பெரியப்பா" என்றால், "போட்டா போட்டுக்கோடா, நான் வைக்கிறத வைக்கிறேன்" என்பார்.