சேது யாத்திரையும் நள்ளிரவு மணியும்

இராமேசுவரம் என்றதும் கோயிலும் கடலும்தான் முன்னால் வந்து நிற்கும். மூன்றாம் பிராகாரத்தின் தூண் வரிசை, 22 தீர்த்தங்கள், அக்னி தீர்த்தக் கரை. புண்ணியம் தீவில் இருக்கிறது, வழி வெறும் சிரமம் என்பது பொதுவான எண்ணம். சேது யாத்திரையின் வரலாற்றைப் பார்த்தால் விஷயம் தலைகீழாகத் தெரிகிறது. அந்தத் தீவு நோக்கிய பயணம் மனிதருக்குக் கற்றுக்கொடுத்ததில் பெரும்பகுதி, தீவை எட்டுவதற்கு முன்பே நடந்து முடிந்தது. யாத்திரிகன் துறவைத் தேடிப் புறப்பட்டான். வழியில் அவன் பழகியது, முன்பின் தெரியாதவர் இடும் சோற்றை நம்பி இருப்பது. வழியோர ஊர்கள் பழகியது, அந்தச் சோற்றைத் தவறாமல் வடிப்பது.

யாத்திரையின் அமைப்பே இதற்குக் காரணம். சேதுக்கரை மணலை எடுத்துப்போய்ப் பிரயாகையில் கரைத்து, கங்கை நீரைக் கொண்டுவந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்தால்தான் காசி யாத்திரை முழுமை பெறும் என்பது மரபு. நடந்து போகிறவருக்கு அது மாதக்கணக்கான வேலை. அத்தனை நாளுக்கு அரிசி சுமக்க முடியாது; காசை முடிந்துகொண்டு போனால் கள்ளர் பயம். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை நாயக்கர் சடைக்கனைச் சேதுபதியாக அமர்த்தியதற்கு, யாத்திரிகருக்கு வழிக்காவல் வேண்டியிருந்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இவ்வளவும் தாண்டி மண்டபத்துக்கு வந்தாலும் பாம்பனுக்குப் படகேற வேண்டும். காற்று இடம் கொடுத்தால்தான் படகு.

இந்த வழியில்தான் தஞ்சை மராட்டியர் சத்திரங்களைக் கட்டினார்கள். நீடாமங்கலம், ஒரத்தநாடு, சேதுபாவாசத்திரம் என்று அவை கடற்கரைப் பக்கமாகத் தெற்கே நீண்டன. அவற்றில் என்ன நடந்தது என்பதற்கு நம் கையில் உள்ள நல்ல சான்று, தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி 1801இல் கிழக்கிந்தியக் கும்பினியின் ரெசிடென்டுக்கு எழுதிய கடிதம். 1799 உடன்படிக்கையில் தஞ்சைக் கோட்டை நீங்கலாக நாட்டு நிர்வாகம் கும்பினிக்குப் போய்விட்டது. சத்திரங்களுக்கு விட்ட கிராமங்களும் கைவிட்டுப் போகுமோ என்ற கவலையில் எழுதியது அது. பிராமணர் முதல் பறையர் வரை வந்தவர்க்கெல்லாம் சோறு. சமைத்ததை உண்ணாதவருக்குப் படியரிசியும் மளிகையும். நள்ளிரவில் மணி அடித்து, இன்னும் சாப்பிடாதவர் யாராவது உண்டா என்று கூவி அழைப்பார்கள். கைக்குழந்தைக்குப் பால் உண்டு. வழியில் பிரசவித்தவள் மூன்று மாதம் வரை தங்கிக்கொள்ளலாம். பாம்புக்கடிக்கும் வீக்கத்துக்கும் வைத்தியர் இருந்தார்கள்.

ராஜ்யம் போன ராஜா, வருமானத்தைக் காப்பாற்றிக்கொள்ள மிகைப்படுத்தாமல் இருப்பாரா என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். ஆனால் பெருமைக்காக எழுதுகிறவன் தங்கக் கலசத்தைப் பற்றி எழுதுவான். பிள்ளை பெற்றவளுக்கு எத்தனை மாதம் என்பது, அப்படி ஒருத்தி வந்து தங்கிய இடத்தில் பிறக்கும் விதி. பாதியைக் கழித்தாலும் மீதி நிற்கிறது. சாதி பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. படியரிசி ஏற்பாடே, ஒரே உலைச் சோற்றை எல்லோரும் உண்ணச் சம்மதிக்கவில்லை என்பதற்கு ஒப்புதல் வாக்குமூலம். சத்திரம் சாதியை ஒழித்தது என்று நான் சொல்லவில்லை. தன் ஊரான், தன் உறவு, நாளைக்குத் தனக்கு ஆகவேண்டியவன் என்ற கணக்கைச் சோற்றிலிருந்து அது விலக்கிவைத்தது என்கிறேன். அந்தக் காலத்துக்கு அதுவே அரிது. இன்னொன்றும் உண்டு. அறம் அரசன் பேரில் இருந்தது, நெல் குடியானவன் களத்திலிருந்து வந்தது. யாத்திரிகன் வாழ்த்திய பெயர்களில் அவன் பெயர் இல்லை.

1897 ஜனவரியில் இலங்கையிலிருந்து பாம்பனில் வந்து இறங்கிய விவேகானந்தர், இராமேசுவரம் கோயிலில் பேசும்போது, ஏழையிடமும் நோயாளியிடமும் சிவனைக் காண்பதே மெய்யான வழிபாடு, விக்கிரகத்தில் மட்டும் காண்பது தொடக்க நிலைதான் என்ற கருத்தைச் சொன்னார். அதைப் புதுமை என்று கொண்டாடுவோர் உண்டு. சேது வழிச் சமையற்கட்டுகளுக்கு அது பழைய சங்கதி.

1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் ரயில் பாலம் திறந்தது. எழும்பூரில் போட் மெயில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் போனார். வழியில் எந்தச் சத்திரத்துத் திண்ணையிலும் உட்காரவில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நடைவழியில் காலராவுக்குப் போன உயிர்களை நினைத்தால் பாலம் ஒரு கருணை. முதியவரும் நடக்கமாட்டாதவரும் அதன் பிறகுதான் தைரியமாகச் சேதுவுக்குப் புறப்பட்டார்கள். ஆனாலும் பிறரை நம்பியிருப்பது ஒழிந்துவிடவில்லை, கண்ணுக்கு மறைந்தது. கப்பல் வரும்போதெல்லாம் பாலத்தின் தூக்குப்பகுதியை இருபுறமும் ஆட்கள் நின்று, நெம்புகோலைக் கையால் தள்ளிச் சுற்றித்தான் திறந்தார்கள். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ரயில் பயணிகளோடு கடலில் போனது. பாலத்தின் பெரும்பாலான கர்டர்களும் அடித்துச் செல்லப்பட்டன. ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் அதை நிமிர்த்தினார்கள். பயணி இவர்களில் யாரையும் பார்த்ததில்லை; பயணச்சீட்டு அந்தக் கடனைத் தீர்த்துவிட்டதாக எண்ணிக்கொண்டான்.

இன்று கோயிலிலேயே அன்னதானம் நடக்கிறதே, எது குறைந்தது என்று கேட்டால், இடம் மாறிவிட்டது என்பேன். அன்னதானக் கூடம் வந்து சேர்ந்தவருக்கானது. சத்திரம், வந்து சேராமலே போகக்கூடியவரையும் கணக்கில் வைத்திருந்தது. சரபோஜியின் கடிதத்தில் அதற்கும் இடம் இருக்கிறது: வழியில் இறந்தவருக்கு அவரவர் முறைப்படி ஈமக்கிரியை, அவர் விட்டுப்போன பிள்ளைக்கு மூன்று வேளைச் சோறு, நாலு நாளுக்கு ஒருமுறை எண்ணெய்க் குளியல், விரும்பிய படிப்பு, வளர்ந்ததும் கல்யாணச் செலவு.