ஓட்டாஞ்சில்லு வாக்கெடுப்பு

பண்டைய ஏதென்ஸில், நகரத்துக்கு ஆபத்தானவர் என்று கருதப்பட்ட அரசியல் தலைவர் ஒருவரைக் குடிமக்கள் வாக்களித்துப் பத்தாண்டு காலம் வெளியேற்றிய முறை. உடைந்த பானையோட்டில் பெயரைக் கீறியதே வாக்கு.

இதன் வேர் தனியாட்சி பற்றிய அச்சம். தனியாட்சியாளர் பைசிஸ்ட்ராட்டஸின் மகனும் வாரிசுமான ஹிப்பியாஸ் கிமு 510இல் துரத்தப்பட்டார். அடுத்து வந்த அதிகாரப் போட்டியில் ஐசகோரஸ், ஸ்பார்ட்டாவின் படைபலத்தோடு 700 குடும்பங்களை வெளியேற்றினார் என்று ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். அதோடு ஒப்பிட்டால், ஆண்டுக்கு ஒருவரை மட்டும், அதுவும் ஊரறிய வாக்கெடுத்து அனுப்புவது எவ்வளவோ மேல். ஐசகோரஸின் போட்டியாளரான கிளைஸ்தினிஸ் இந்த முறையைக் கொண்டுவந்தார் என்பது மரபு. முதலில் நடைமுறைக்கு வந்தது மாரத்தான் போருக்குப் பின், கிமு 487இல்.

இந்த ஆண்டு வாக்கெடுப்பு வேண்டுமா என்று மக்கள் அவை முதலில் முடிவு செய்யும். வேண்டும் என்றால், சில வாரங்கள் கழித்து அகோரா சந்தைவெளியில் வேலியிட்டு, பத்துக் குலத்தாரும் தத்தம் வாயில் வழியே நுழைந்து சில்லைப் போடுவார்கள். 6000 வாக்குகள் தேவை. குற்றச்சாட்டு கிடையாது, தற்காப்புப் பேச்சும் கிடையாது. தேர்வானவர் பத்து நாளில் கிளம்ப வேண்டும். சொத்தும் குடியுரிமையும் அவருடையதாகவே இருக்கும். பெண்கள், அடிமைகள், குடியேறிய அயலார் ஆகியோருக்கு இதிலும் வாக்கில்லை.

அகழாய்வில் கிடைத்த சில்லுகள் 10,000க்கும் மேல். அரசியல் தலைவர் மெகக்ளிஸின் பெயரோடு அவருடைய குதிரை வளர்ப்பையும் சிலர் குத்திக்காட்டிக் கீறியிருக்கிறார்கள். அக்ரோபோலிஸின் வடசரிவில் ஒரு கிணற்றில் இன்னொரு தலைவரான தெமிஸ்டாக்ளிஸின் பெயருடன் சுமார் 190 சில்லுகள் கிடைத்தன; எழுதிய கைகளோ வெறும் பதினான்கு. முன்கூட்டியே எழுதி விநியோகிக்க வைத்திருந்தவை என்பதே பொருத்தமான விளக்கம். கட்சி கட்டி வாக்குச் சேகரிக்கும் வேலை அன்றே தேர்ச்சி பெற்றிருந்தது.

தகுதியானவர்களும் தப்பவில்லை. கிமு 482இல் அனுப்பப்பட்ட தலைவர் அரிஸ்டைடிஸை, பாரசீகப் படையெடுப்பு நெருங்கியதும் நகரமே திருப்பி அழைத்தது. அவர் வந்து, பாரசீகர்கள் தோற்ற சலாமிஸ் கடற்போரில் போரிட்டார். அந்த வெற்றிக்கு வழிவகுத்த தெமிஸ்டாக்ளிஸோ சில ஆண்டுகளில் வெளியேற்றப்பட்டு, கடைசியில் பாரசீக மன்னரிடமே அடைக்கலம் தேடினார்.

கிமு 417ஐ ஒட்டி போட்டித் தலைவர்களான நிசியாஸ், அல்சிபயாடிஸ் இருவரில் ஒருவர் போவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். இருவரின் ஆதரவாளர்களும் கைகோத்து ஹைப்பர்போலஸ் என்ற வேறொரு அரசியல்வாதியை அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பின் யாரும் இம்முறையில் வெளியேற்றப்படவில்லை. சட்டவிரோதத் தீர்மானம் கொண்டுவந்ததாக வழக்குத் தொடுத்து, எதிராளியை நடுவர் மன்றத்தில் நிறுத்துவது அதன் இடத்தைப் பிடித்தது.